பெட்டி வண்டி

காலை ஒன்பதுக்கு அவர்கள் மிதித்துப் போய்விடுவார்கள்.
ஒன்பதே காலுக்கு
அவர்களுடைய கனத்தை நான் தூக்குவேன்.

பதினான்கு பெட்டிகள்.
முதல் நாள் துணி மட்டும்.
மூன்றாம் நாள் பெட்டிச் சக்கரம் உருள மறுக்கும்;
உள்ளே பினோ நுவார் ஒன்றோடொன்று உரசிச்
சன்னமாய்ப் பல் கடிக்கும்.
காலுறையில் சுற்றிய பாட்டில் எது,
இரவு உடையில் சுற்றியது எது,
திறக்காமலே சொல்வேன்.
ஆட்களைத்தான் தெரியாது.
கைப்பிடியில் கட்டிய நாடாதான் எனக்கு அவர்கள்:
பச்சை நாடா, ஊதா நாடா,
நாடா இல்லாத ஹாலரன்.

அந்த ஹாலரன் அக்டோபரில் ஒரு வியாழன்
வூரி யாலக்கின் பழைய நடைமேடையில்
முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்,
ரயில் நின்றுபோய் அறுபது வருடமான இடத்தில்
ரயிலுக்குக் காத்திருப்பவர்போல.

வண்டியில் ஏறுங்கள் என்றேன்.
ஏறுகிறேன், சைக்கிள்? என்றார்.
வாடகைச் சைக்கிள். பின்னால் மாட்டும் தாங்கி உடைந்து
திங்களிலிருந்து முதலாளியின் 'நாளைக்கு'.
உள்ளே பெட்டிகள் கூரை வரை.
இரண்டு பேரும் சைக்கிளைப் பார்த்தோம்.

முப்பது வருடம் கோதுமை லாரி ஓட்டினேன் என்றார்.
வலி இடது காலில்தான்,
இது கிளட்ச் இல்லாத வண்டிதானே என்றார்.
காப்பீட்டுத் தாளில் அவர் பெயர் இல்லை.
எனக்குத் தெரியும்.
சாவி என் கையை விட்டுப் போன பிறகும் தெரிந்தது.

ஒன்பது கிலோமீட்டர்.
வேலை ஷூ, ஒளிரும் மஞ்சள் சட்டை,
மார்பில் 'மங்கை' என்று பாதிப் பெயர்
(அரசி அந்தப் பட்டையில் கொள்ளவில்லை),
கொண்டைமேல் அவருடைய தலைக்கவசம்
கவிழ்த்த சட்டி மாதிரி.
மாக்பை கொத்தாமலிருக்க
அதில் முள்முள்ளாய்ப் பிளாஸ்டிக் கட்டுகள்.
கொத்தியது. இரண்டு முறை.

ரயிலுக்குச் செங்குத்தாய் ஏறத் தெரியாது,
அதன் தடத்தில் போட்ட பாதைக்கும் தெரியாது.
மிதிக்கிறோம் என்பதே மறந்துபோகிற ஏற்றம்.
இரண்டு வருடம், வாரம் ஐந்து நாள்,
பக்கத்து நெடுஞ்சாலையில் எண்பதில் போயிருக்கிறேன்
இதே பள்ளத்தாக்கின் முதுகைப் பார்த்துக்கொண்டு.
முகம் இந்தப் பக்கம் இருந்திருக்கிறது.

கொடிகளில் இலை இன்னும் காசளவு.
கம்பியில் கைபோட்டு வரிசையாய் நிற்கின்றன,
ரேஷன் கடைபோல, ஆனால் யாரும் இடிக்காமல்.
வரிசை முனைதோறும் ஒரு ரோஜாச் செடி.
நோய் முதலில் அதற்கு வருமாம்,
பிறகுதான் திராட்சைக்கு.
முதலில் வாடுவதற்கென்றே
வேலைக்கு வைத்த பூ.

லாஞ்சிங் பிளேஸ் தாண்டி மரங்கள் விலகின.
ஆறு.
தேநீர் நிறம். அவசரம் இல்லை.
சாலைப் பலகையில் தினம் படித்த பெயர்தான்.
இத்தனை சத்தமில்லாமல் ஒன்று
கூடவே வந்துகொண்டிருந்திருக்கிறது;
நான் ரேடியோவைக் கூட்டி வைத்திருந்தேன்.

இறங்கி நின்றேன். ஏழு நிமிடம்.
நேரத் தாளில் அதை எங்கே எழுதுவது?
எழுதவில்லை.

யாரா ஜங்ஷனில் விடுதி வாசலில்
வண்டி கோணலாய் நின்றது.
எல்லாப் பெட்டிகளையும் அவரே இறக்கியிருந்தார்,
நொண்டி நொண்டி.
ஒன்றுகூடச் சரியான அறையில் இல்லை.
பச்சை நாடா ஊதா நாடாவின் கட்டிலில்.

"என்ன கனம்" என்றார்,
"தினமும் நீங்களா தூக்குகிறீர்கள்?"
ஆமாம் என்றேன்.
தொடை இரண்டும் நடுங்கின.
அவருக்குத் தெரியக் கூடாதென்று
கைக்கு வந்த பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்,
யாருடையது என்று பார்க்காமல்.