சாக்குக் கழிவு

பழையபேட்டையில் புளி வாங்கி விற்கிறேன்.
பெயர் நாகவேணி.
வழக்கில் இரண்டாம் சாட்சி.

அன்று ராத்திரி எட்டரை,
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
ஏட்டு குனிந்து எட்டிப் பார்த்தார்:
"அக்கா, தராசு கொஞ்சம் வேணும்."
போலீஸ் கேட்கும் கொஞ்சம்
எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

பெங்களூர் பஸ் ஏறப் போன பையன்.
திம்மராயன்.
என் மண்டியில் புளி தட்டும் கெம்பம்மா மகன்.
ஓசூர்க் கம்பெனியில் மூன்று மாதம்,
வீட்டில் மூன்று மாதம்.
என்னைப் பார்த்ததும் தலை குனிந்தான்,
தீபாவளிக்கு வாங்கிய ஐந்நூறு ரூபாய்
நினைவு வந்தவன் போல.

மஞ்சள் பை.
அதற்குள் ஒரு துண்டு, அதற்குள் பாலித்தீன்,
அதற்குள் அது.
எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தார்கள்.
சிவப்பு எண்கள் ஓடி நின்றன:
ஒரு கிலோ அறுபது கிராம்.
எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன்.
என் பேனாவும் அவர்களோடே போனது.

பிறகு வக்கீல் சொன்னார்:
ஒரு கிலோ வரை என்றால் ஓராண்டுக்குள் முடியும்,
தாண்டினால் பத்து வரை போகலாம்.
புத்தகத்தில் விரல் வைத்து இன்னொன்றும் காட்டினார்:
பூத்த நுனி, காய்த்த நுனி, அதுதான் கஞ்சா.
விதையும் இலையும் தனியே கிடந்தால் சேர்த்தி இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
இருபத்திரண்டு வருஷமாய் வேறென்ன செய்கிறேன்?
கொட்டைப்புளி ஒரு விலை,
கொட்டை எடுத்தது ஒரு விலை,
ஓடு ஒரு குவியல், நார் ஒரு குவியல்.
சாக்கு அறுநூறு கிராம் இருக்கும்.
அஞ்செட்டியிலிருந்து மூட்டை கொண்டு வருகிறவனுக்கு
ஒரு கிலோ கழிப்பேன்.
அது வேறு பாவம்.
அன்றைக்கு மட்டும்
ஒரு துணிப்பையைக் கழிக்கச் சொல்ல
வாய் வரவில்லை.

போன மாதம் வக்கீல்கள் விவாத மேடை போட்டார்கள்.
கஞ்சாவை அனுமதிக்கலாமா, கூடாதா?
சாட்சி என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி.
"மதியம் பன்னிரண்டு மணிக்கு
அரசாங்கமே கடை திறந்து ஊற்றுகிறது,
இந்தச் செடி மட்டும் என்ன செய்தது?"
என்றார் ஒருவர். கைதட்டினேன்.
"பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டதே ஐயா"
என்றார் அடுத்தவர். அதற்கும் தட்டினேன்.

காவேரிப்பட்டணத்தில் என் தங்கை மகன் பிரகலாதன்
சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறான்.
பத்தொன்பது வயது.
அதனால்தான் என்கிறாள் தங்கை.
இல்லாவிட்டாலும் வந்திருக்கலாம் என்கிறார் டாக்டர்.
எந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டுவது நான்?

நடுவர் முடித்து வைத்தார்:
இரு தரப்பு வாதத்துக்கும் எடை உண்டு.
பையோடா, பை இல்லாமலா?
கேட்பதற்குள் பஜ்ஜி வந்துவிட்டது.

சம்மன் வந்திருக்கிறது. வரும் புதன்கிழமை.
நேற்று ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு
ஒரு மஞ்சள் பையும் துண்டும் தராசில் வைத்தேன்.
ஐம்பத்தொன்று.
போதவில்லை. ஒன்பது கிராம் போதவில்லை.
துண்டை நனைத்து இறுகப் பிழிந்தேன்:
தொண்ணூறு.
பாதி பிழிந்தேன்: நூற்று இருபது.
கழிக்கச் சொல்லலாம் கோர்ட்டில்.
ஆனால் அன்று அது ஈரமா, காய்ந்ததா?
நான் தொட்டதில்லை.
தொட்டவர்கள் எழுதவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு
கெம்பம்மா வந்து குவியலுக்கு முன் உட்கார்ந்தாள்.
இத்தனை நாளில் ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள்.
நான்தான் கேட்டேன்,
அன்னிக்கு மழையா என்று.

சுத்தியல் நிற்கவில்லை.
ஒரு கொட்டை தெறித்து என் காலடிக்கு உருண்டது.
"வெயிலே இல்லக்கா.
துவைச்சது காயல.
அப்படியே எடுத்துட்டுப் போனான்."