இடது வளைவு

வலதுபக்கம் திருப்பினால் ஒன்றுமில்லை.
இடதுபக்கம், அதுவும் முக்கால் சுற்று வந்ததும்
ஹாரன் தானாக அலறும்.
கையை எடுத்தாலும் அலறும்.
நிமிர்த்தினால்தான் வாயை மூடும்.

எண்பத்துமூன்றில் ஜெர்மனியில் பிறந்த மெர்சிடிஸ்.
டீசல். மஞ்சள். என் டாக்சி.
அல்பேனியாவுக்கு எந்த வழியாக வந்ததோ,
ஜிரோகாஸ்தரில் என் கைக்கு வந்தபோது
ஆறு லட்சம் கிலோமீட்டர்.

கோட்டைக்கு ஏறும் கல்பாதையில்
இடது வளைவுகள் பதினொன்று.
எண்ணிவிட்டேன், எண்ணாமல் முடியாது.
போலந்துப் பயணிகள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள்.
ஒருநாள் சவ ஊர்வலத்தின் பின்னால்
இரண்டு வளைவுகள் போக நேர்ந்தது.
அது வேண்டாம்.

ஏழாவது வளைவில் ஸெனெலின் வீடு.
என் அண்ணன்.
கூரைக்குக் கல் மாற்றிய செலவில்
யார் பங்கு எவ்வளவு என்று தொடங்கியது,
மூன்று வருடமாகப் பேச்சில்லை.
தினமும் காலை ஏழு இருபதுக்கு
அவன் ஜன்னலுக்குக் கீழே என் ஹாரன்.
வம்புக்கு அடிக்கிறாள் என்றுதான்
ஊர் நினைத்திருக்கும்.

ஃபியூஸைப் பிடுங்கினால் அடங்கும்தான்.
கூடவே பிரேக் விளக்கும் அணையும்.
இந்த இறக்கத்தில் விளக்கில்லாமல்
பின்னால் வருகிறவனை நம்ப
நான் என்ன புனிதவதியா?
ரிலே மாற்றினேன். அதே அலறல்.
மெக்கானிக் ரிஃபாத் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு,
'ஸ்டியரிங் தண்டையே மாத்தணும், மிமோசா' என்றான்.
அவன் சொன்ன விலைக்கு இன்னொரு கார் வாங்கலாம்.
அது எந்தப் பக்கம் கத்துமோ.

ஞாயிறு. மழை. சவாரி இல்லை.
இரவல் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன்.

ஹாரன் வரைக்கும் மின்சாரம் வந்து
சும்மா நின்றுகொண்டிருக்கிறது, எப்போதும்.
எர்த்துக்கு ஒரு வழி கிடைத்தால் போதும் அதற்கு.
பொத்தான் திறப்பது அந்த வழியைத்தான்.
அப்படியென்றால் எங்கேயோ ஒரு வயர்
என் விரலுக்குக் காத்திராமல்
காரின் உடம்பைத் தொடுகிறது.

ஃபியூஸை எடுத்துவிட்டு
மீட்டரின் ஒரு முள் பழுப்பு வயரில்,
ஒன்று கதவுக் கீலில்.
வலதுபக்கம் திருப்பினேன்: மௌனம்.
இடது, இன்னும் இடது,
இன்னும் கொஞ்சம்.
கீச்.

சக்கரத்தின் நட்டு அசைய மறுத்தது.
குழாய் செருகி முழு எடையோடு தொங்கினேன்,
வாயில் டார்ச், மடியில் பிஸ்கட் தூள்.
உள்ளே, விளிம்பில் உரசி உரசித்
தோல் போன இடத்தில்
நொய்யரிசி அளவுக்குச் செம்பு
பளபளவென்று.

இவ்வளவுதானா நீ.

சைக்கிள் ட்யூப்பில் வெட்டிய ஒரு துண்டு,
மூன்று சுற்று டேப்.

திங்கட்கிழமை.
ஒன்று, இரண்டு, மூன்று. சத்தமில்லை.
நாலு, ஐந்து. காதில் எஞ்சின் மட்டும்.
ஏழாவதில் ஜன்னல் முன்பே திறந்திருந்தது.
பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு ஸெனெல்,
கையில் காப்பி, எட்டிப் பார்த்தபடி.

'ஹாரன் கெட்டுப்போச்சா?'

'இல்ல. சரியாயிடுச்சு.'

கொஞ்ச நேரம் நின்றான்.
நுரை சொட்டியது.
ஜன்னலைச் சாத்தினான்.

இறங்கி வரும்போது அது வலது வளைவு.
ஜன்னல் ஒரு கை அகலம் திறந்திருந்தது.
ஒரு தடவை அடிக்கலாமா என்று
உள்ளங்கையை வைத்துக்கொண்டு யோசித்தேன்.
அதற்குள்
பின்னால் வந்த ரொட்டி வேன் அடித்துவிட்டது.