ஈரக் கழிவு

எட்டுக்கு நாலு, பன்னிரண்டு எம்.எம். பிளைவுட்
இருபத்தோரு கிலோ என்றான் கடைக்காரன்.
உலர்ந்த பிறகா என்று கேட்டேன்.
கோத்தகிரியில எதுங்க்கா உலருது
என்று பில்லைக் கிழித்துக் கொடுத்தான்.

பகலெல்லாம் மில்லிகிராமில் பழகிய கை என்னுடையது.
ஐந்நூறு காலையில், இருநூற்றைம்பது மதியம்,
அரை மாத்திரை படுக்கும் முன்.
மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்து
அதே பேனாவால் நோட்டில் எழுதுவேன்:
இரும்புக் குழாய் பதினான்கு மீட்டர்,
மீட்டருக்கு நாலரை, அறுபத்துமூன்று.
பழைய ஆம்னியில் கழற்றிய அச்சு நாற்பத்தைந்து.
கதவு இரண்டு, பதினாறு.
தண்ணீர் கேன் நிரம்பினால் இருபது.

எபினேசர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"எல்லாஞ் சேத்து முந்நூறு, எழுதிக்கோ" என்பார்.
எதையும் ஒரு முனையில் தூக்கி
உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துவிட்டால்
அவருக்கு எடை தெரிந்துவிடும்.

எனக்கு எண் வேண்டும்.
எங்கள் வேகன்ஆருக்கு வயது பதினாறு.
ஏற்றம் என்ஜினை மட்டும் கேட்கும்.
இறக்கம் பிரேக்கைக் கேட்கும்,
அது பதில் சொல்லாவிட்டால் நம்மைக் கேட்கும்.
தரங்கம்பாடிக் கடலுக்குப் போக
முதலில் மேட்டுப்பாளையம் வரை இறங்கியாக வேண்டும்.
நானூறு தாண்டினால் இந்த வண்டி வேண்டாம் என்று
நோட்டின் முதல் பக்கத்திலேயே கோடு போட்டிருந்தேன்.

முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து,
இலை நுனியில் விழலாமா என்று யோசிக்கும் நீர் மாதிரி
அது ஷெட்டுக்குள் வளர்ந்தது.
இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் குனிந்து உட்காரலாம்.
பின்கதவைத் தூக்கினால் அடுப்பு.
சவப்பெட்டிக்கு எதுக்கு ஜன்னல் என்று
சர்ச்சிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.
ஜன்னல் கண்ணாடி மூன்று கிலோ என்றேன்.

எங்களை நான் எழுதவில்லை.
அவர் எழுபத்தெட்டு, நான் அறுபத்தொன்று.
ஓடும்போது நாங்கள் காரில் இருப்போம்.
நின்ற பிறகுதான் அதற்கு நாங்கள் பாரம்.

கூட்டினேன்: முந்நூற்று நாற்பத்தேழு.
அன்றிரவு மழை பிடித்தது.
மூன்று நாள். தார்ப்பாயில் இரண்டு இடத்தில் ஓட்டை.
பிளைவுட் குடித்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
பசை, மக்கு, நாலு கை பெயின்ட்,
அவர் எனக்குத் தெரியாமல் பற்றவைத்த கூடுதல் பட்டை?

கட்டபெட்டுத் தேயிலை ஆலையில்
இலை லாரிகள் போன பிறகு வரச் சொன்னார் போஜன்.
காரைக் கழற்றிவிட்டு
நாலு பேர் தள்ளி எடைமேடையில் ஏற்றினோம்.
கம்ப்யூட்டரில் இரண்டே சரக்கு:
பச்சை இலை, விறகு.
"விறகுன்னு போடட்டுமா?"
எபினேசரின் முகத்தை நான் பார்க்கவில்லை.
"இலைன்னே போடுங்க."

முந்நூற்றுத் தொண்ணூறு.

ரசீது வெளியே வந்தது.
மழைநாள் ஈரக் கழிவு பத்து சதவீதம்,
மேனேஜர் காலையிலேயே போட்டுவிட்டுப் போனதாம்.
நிகர எடை முந்நூற்று ஐம்பத்தொன்று.
என் கணக்குக்கு நாலே கிலோ வித்தியாசம்.
போஜன் சிரித்தார். "மேடமே மிஷின்தான்."

ஒரு நிமிடம் எனக்கும் இனித்தது.
வருஷமெல்லாம் இலை கொண்டுவருபவர்கள் எப்படித்தான்
இந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைக்கிறார்களோ.
ஆனால் பிரேக்குக்குக் கழிவு கிடையாது.
நோட்டைத் திறந்து முந்நூற்றுத் தொண்ணூறு என்றே எழுதினேன்.
கோட்டுக்கு இன்னும் பத்து கிலோ இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எபினேசர்
இட்லிப் பானையைக் காதைப் பிடித்துத் தூக்கினார்,
உதட்டைப் பிதுக்கினார்.
"ரெண்டு கிலோ. இதையும் வச்சுக்கலாம்."

தராசை எடுக்க உள்ளே போனேன்.
மூன்று கிலோ நானூறு,
மூடி இல்லாமல்.