ஆச்சு

நீடாமங்கலம் கேட் போட்டுவிட்டார்கள்.
முன்னும் பின்னும் நெல் லாரி, நடுவில் எங்கள் பஸ்.
மூன்றாவது டிஸ்க் என் மடியில்.
பிஸ்கட் பாக்கெட் கனம்கூட இல்லை.
"வந்துட்டீங்களாக்கா?" பைசல் மூன்று முறை கூப்பிட்டுவிட்டான்.
ரயில் இன்னும் கொரடாச்சேரியே தாண்டவில்லையாம்.

கொள்முதல் சங்கத்துப் பின்னறையில் நேற்று
முதலில் ஓடவிட்டது பழைய சுழல்தட்டு.
விநாடிக்கு நூற்றிருபது சுற்று, சுற்றுக்கு ஒரு பதிவு.
எழுத வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரும்வரை பொறுத்து
எழுதிவிட்டுத்தான் வாயைத் திறக்கும்:
ஆச்சு.
கணக்குப் பார்த்தால் நூற்றுப் பதினெட்டு.
"செக்கு மாடுல்ல இது" என்றார் கலியபெருமாள் சார்.

சோதனைக்கு ஆட்கள் வேண்டும்.
விவசாயி ஒன்று, விவசாயி இரண்டு என்று போட மனசு வரவில்லை.
என் கல்யாண மொய் நோட்டை ஏற்றிவிட்டேன்.
எண்ணூற்றுப் பதினான்கு பேர்
திரும்பத் திரும்ப வரிசையில் வந்து
ஆளுக்கொரு மூட்டை போட்டுப் போனார்கள்,
ஈரப்பதம் பதினேழு, எல்லோருக்கும்.

இரண்டாவது திருவாரூரில் வாங்கிய எஸ்.எஸ்.டி., மலிவு.
விநாடிக்கு ஐயாயிரத்து இருநூறு.
சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
நூற்றியொன்று எழுதிய வடுவூர் பெரியப்பா
எட்டு விநாடிக்குள் ஐம்பது தடவை வந்துபோனார்.
எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை.
அத்தனை ஆச்சுகள்,
மூச்சு விடாத ஆச்சுகள்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

"யு.பி.எஸ். இருக்குல்ல?" என்றார் சார்.
இருக்கிறது. அதன் பேட்டரி ஐப்பசியிலிருந்து
சாக்கு தைக்கிற மெஷினில் இருக்கிறது.

என் லேப்டாப் காதில் விழுந்த ஆச்சு
நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு.
மறுபடி உயிர் வந்தபின் அட்டவணையில் இருந்தது
நாற்பத்தோராயிரத்து நூற்று எழுபது.
முப்பத்தேழு பேரைக் காணோம்.
பித்தளைக் குடம் வைத்த கோட்டூர் பாத்திரக்கடை,
பேர் போடாமல் 'அன்புடன்' என்று மட்டும் எழுதிய ஒருவர்,
ஐம்பத்தோராவது சுற்றில் பெரியப்பா.

ஆச்சு என்றால் இறந்தகாலம்.
அது சொல்லியிருக்க வேண்டியது, ஆயிடும்.

கேட் தூக்கினார்கள்.

மூன்றாவதன் ஓரத்தில் மஞ்சளாக ஐந்தாறு மின்தேக்கி,
துவரம்பருப்பு அளவு.
கரண்ட் போன பிறகும்
கையில் வாங்கியதை எழுதி முடிக்க ஒரு வாய் மூச்சு.
நாலாயிரத்து முந்நூறு.
ஒன்பது முறை பிடுங்கினேன்.
பைசலுக்குக் கை வலித்தது, அவன் இரண்டு முறைதான் பிடுங்கினான்.
ஒருவரும் தொலையவில்லை.

விலையைக் கேட்ட சார் ஜன்னலைக் காட்டினார்:
"அங்க ஒரு மூட்டை நிறுக்கவே நாப்பது விநாடி ஆகுதும்மா."
வாஸ்தவம்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மேற்கோள் படிவத்தை அவர் மேஜையில் வைத்தேன்,
கையெழுத்து எப்போது ஆகுமோ.

ஒன்று மட்டும் அறிக்கையில் எழுதவில்லை.
ஏழாவது தடவை
லேப்டாப் கேட்டதைவிட அட்டவணையில் ஒரு பேர் கூடுதல்.
மன்னார்குடி மேல இரண்டாம் வீதி, செண்பகவல்லி, ஐம்பத்தொன்று.
எழுதிவிட்டது.
சொல்லத்தான் நேரமில்லை.