கணு

சூரமங்கலத்தில் இந்த வீட்டுக்கு நான் வந்தபோது
ஓசூர் போனவள் விட்டுப்போனவை:
குழவி இல்லாத கிரைண்டர்,
பதினொரு வயதில் ஒரு பெண்,
ரோஸ் பெயின்ட் அடித்த பைன் அலமாரி.

ஓசூர் என்றுதான் இங்கே அவளுக்குப் பெயர்.
ஓசூர் போன் பண்ணியது.
ஓசூர் ஸ்கூல் பீஸ் அனுப்பியது.
ஓசூருக்குப் பிடித்த ரோஸ்.
ஊர்ப்பெயரைச் சொன்னால் யாருக்கும் கோபம் வராதென்று
பூபதி கண்டுபிடித்த ஏற்பாடு.

சுவரெல்லாம் பொங்கலுக்கு முன்பே அடித்தாயிற்று.
டப்பாவில் யானைத்தந்தம் என்று போட்டிருந்தது,
சுவரில் அது நீர்மோர்.
திரைச்சீலை மாற்றினேன்.
டியூப்லைட்டைக் கழற்றி மஞ்சள் பல்பு போட்டேன்.
ஒவ்வொன்றுக்கும் சஹானா ஒரு 'ம்' போட்டாள்,
தாலுகா ஆபீஸ் முத்திரை மாதிரி.
அலமாரியை நகர்த்தியபோது மட்டும்
"அதையுமா?"

செவ்வாய்ப்பேட்டைப் பெயின்ட் கடையில் ரஹ்மத்துல்லா சொன்னார்:
"பைனா? பாத்துச் செய்யுங்க.
கணுவுல பிசின் உக்காந்திருக்கும்.
வெள்ளை அடிச்சா ஆறே மாசம், மஞ்சளாக் கசியும்.
அரக்கு ஒரு கை பூசிட்டு அடிங்க."
பூசினால் கசியாதா?
"ஒரு வருசம் ஆகும்."

பூபதி கூட்ஸ் வண்டியோடு
ஜோலார்பேட்டை போயிருந்தான்.
எண்பதாம் நம்பர் உப்புத்தாளோடு உட்கார்ந்தேன்.
யார் வைத்த பெயரோ உப்புத்தாள்,
மூன்று மணி நேரம் தேய்த்ததும்
உதட்டில் தெரிந்தது காரணம்.

ரோஸுக்குக் கீழே பச்சை.
பச்சைக்குக் கீழே அடுப்புக்கட்டிக் காவி.
ஓசூருக்கு முன்னாலும் யாரோ
இதைத் தன் நிறத்துக்குக் கொண்டுவர
ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்திருக்கிறார்கள்.
ஏனோ அது ஆறுதலாக இருந்தது.
கொஞ்சம் ஏமாற்றமாகவும்.

பிறகு மரம்.
நம் ஊர் வெயிலையே பார்க்காத வெளிறிய தோல்.
டர்பன்டைனுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒரு வாசனை.
பதினேழு கணு எண்ணினேன்.
அதில் ஒன்று பாகுபதத்தில் விரலில் ஒட்டியது.
இத்தனை வருடம், மூன்று பெயின்ட்டுக்குக் கீழே
காயாமல் என்ன செய்துகொண்டிருந்தாய்?

பக்கவாட்டுப் பலகையில் மங்கிய கறுப்பில்
ஓர் அம்பு. ஒரு கோப்பை.
என்னால் படிக்க முடியாத ஏதோ தேசத்து எழுத்து.
இரும்பாலைக்கு மெஷின் வந்து இறங்கிய பெட்டியாக இருக்கும்.
ஏலத்தில் எடுத்த யாரோ கதவு வைத்திருக்கிறார்கள்.

சஹானா தூசியில் தடம் பதித்து வந்தாள்.
இடுப்பை மடித்து, தலையைத் தொங்கவிட்டு,
பின்னல் தரையில் புரள அம்பைப் பார்த்தாள்.
"இது தலைகீழா நிக்குது.
அம்பு காட்டுறதுதான் மேல்பக்கம்.
டம்ளர் பாருங்க, கவுந்திருக்கு.
இத்தனை வருசமும் எல்லாரும்
தலைகீழா வெச்சே துணி அடுக்கியிருக்கீங்க."

அந்த 'கீங்க'வில் ஓசூரும் இருந்தாள், நானும் இருந்தேன்.
பக்கத்தில் பக்கத்தில், கொஞ்சம் நெருக்கியடித்து.

வெள்ளை டப்பாவை நான் திறக்கவே இல்லை.
(ஆயிரத்து நூறு ரூபாய். பூபதி கேட்பான்.)
அடுத்து நூற்றிருபது, அதற்கடுத்து இருநூற்றிருபது,
ஈரத்துணி, வார்னிஷ் இரண்டு கை.
நெடி போக ஜன்னலைத் திறந்தால்
ஏற்காட்டுப் பாதையில் வண்டி விளக்குகள்
வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தன.
ராத்திரி ரசத்தில் மரத்தூள்.
இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் தட்டு பிரித்தோம்.
"மேல்தட்டு எனக்கு" என்று
குனிந்து தரையோரத்தைக் காட்டினாள்.
"அடித்தட்டு உங்களுக்கு."

நாற்காலி போட்டு ஏறி
அடித்தட்டில் என் புடவைகளை அடுக்கினேன்.
கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.