மாதிரி 418

பிப்ரவரி. டுலூத் நகரத்துக் கர்லிங் கூடத்தில்
பனித்தரைமேல் பலகை விரித்துப்
பன்னிரண்டு மேசை போட்டிருந்தார்கள்.
ஏழாவது எங்களுடையது:
நான், மார்வின் டோய்வொனன்,
ஒரு கிண்ணம் உப்பில்லாத பிஸ்கட்,
துப்புவதற்கென்று வைத்து
யாரும் துப்பாத வாளி.

பிரிவு: பெல்ஜியப் பாணி, கருமை, கடுமை.
பெயரில்லை, ஊரில்லை.
பிளாஸ்டிக் கோப்பையின் வயிற்றில்
மார்க்கரால் எழுதிய எண் மட்டும்.

மாவட்டச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் நான்.
வெள்ளைக்கு மேல் விழுந்த வெள்ளையில்
எது சாலை எது பள்ளம் என்று
ஒரு நொடியில் முடிவெடுத்துப் பழகியவன்.
முகர்ந்தேன்: நகப்பூச்சு அழிக்கும் திரவம்.
குடித்தேன்: தொண்டையில் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.
அதன்பின் இரும்பு. வெறும் இரும்பு.
எழுதினேன், பேனாவால்:

'நுரை தந்த நிறம், இறங்க மறுக்கிறது, நன்று.
விளக்குக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் மாதுளை.
சாராயம் சுடுகிறது.
இனிப்பும் காரமும்
ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இருவர்.
ஐம்பதுக்கு இருபத்துநாலு.'

அந்த உவமையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

மார்வின் தன் தாளைத் திருப்பிக் காட்டினார்.
நாற்பத்தொன்று.

இங்கே விதி ஒன்று உண்டு.
ஒரு மேசையின் இரண்டு நாக்குக்கு நடுவே
ஏழு புள்ளிக்கு மேல் இடைவெளி ஆகாது.
ஆனால், பேசித் தீர்க்க வேண்டும்.
மார்வின் பேசுகிற ஆளில்லை.
நாற்பது வருஷம் பல் செட் செய்தவர்;
அடுத்தவர் வாய்க்கு எது பொருந்தும் என்று
அவசரப்பட்டுச் சொல்லமாட்டார்.
கோப்பையை இரண்டு கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.
வந்ததிலிருந்தே அப்படித்தான் வைத்திருந்தார் என்பது
அப்போதுதான் எனக்குப் பட்டது.
"ஐஸ் பெட்டியிலிருந்து நேரே வந்தது இது," என்றார்.
அவ்வளவுதான் வாதம்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி.
சூடு ஆறினால் கெடுகிற சாமான்களே எனக்குப் பழக்கம்:
காப்பி, சூப், வண்டி எஞ்சின்.
குளிர் ஆறினால் தேறுகிற ஒன்றை
எப்படிக் கையில் பிடிப்பது?
பொத்தினேன்.
பக்கத்து மேசையில் யாரோ தும்மினார்கள்.
ஆர்டிஸ் வந்து "ஏழு, இன்னும் முடியலையா?" என்று
கடிகாரத்தைத் தட்டிக் காட்டிப் போனாள்.

முதலில் அத்தி.
காம்பருகே சர்க்கரை பூத்துக் காய்ந்த அத்தி.
பிறகு அடிப்பிடிக்கும் அந்த நொடிக்கு
முந்தைய நொடியில் இறக்கிய பாகு.
ரொட்டியின் மேலோடு.
கிராம்பு ஒன்று எங்கோ நடமாடியது, முகம் காட்டவில்லை.
தீ இருந்தது,
ஆனால் இப்போது அடுப்புக்குள் இருந்தது.
பேசிக்கொள்ளாத இருவரும்
சமையலறையில் முதுகோடு முதுகு நின்று
ஏதோ முணுமுணுத்தார்கள்.

பேனாவால் எழுதியதை அடிப்பது பார்க்க அசிங்கம்.
அடித்தேன். முப்பத்தொன்று போட்டேன்.
அதற்கு மேல் என் கை போகவில்லை; உண்மையைச் சொல்கிறேன்.
மார்வின் பெருமூச்சோடு முப்பத்தெட்டுக்கு இறங்கினார்.
கீழே, யாரென்று தெரியாத அந்த ஆளுக்கு,
ஒரு வரி எழுதினேன்:
'அடுத்த முறை பாட்டிலோடு ஒரு சீட்டு அனுப்பவும்,
அவசரக்காரனிடம் தராதீர்கள் என்று.'
பதக்கம் வேறு மேசைக்குப் போனது.

மீந்ததைக் காப்பிக் கப்பில் ஊற்றிக்கொண்டு
கார் நிறுத்துமிடத்தில் டோரீனுக்காக நின்றேன்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
ஏரி உறைந்து சத்தமில்லாமல் கிடந்தது.
ஒரு வாய் குடித்தேன்.
நகப்பூச்சுத் திரவம். தீக்குச்சி. இரும்பு.
இருபத்துநாலு.
சத்தியமாக இருபத்துநாலேதான்.

கப்பை மூடி, கோட்டுக்குள், அக்குளில் செருகினேன்.
டோரீன் ஹார்ன் அடித்தாள்,
கண்ணாடியை இறக்கி
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறாய் என்றாள்.
"இரு," என்றேன்,
"இன்னும் அஞ்சு நிமிஷம்."