பிழை நாற்பத்தேழு

அம்பத்தூர் எஸ்டேட், சந்தின் கடைசி ஷெட்.
ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்துத் தரம் சொல்லும் இயந்திரம்
காலையிலிருந்து ஒன்றையே சொல்கிறது:
பிழை நாற்பத்தேழு. உதவியைப் பார்க்கவும்.

பார்த்தேன்.
உதவி இந்த விண்டோஸில் இல்லையாம்.

பெர்னதெத் மேடம் கைகட்டி நிற்கிறார்.
பழைய கணினி டிசம்பர் மழையில் போனது,
இது புதுசு, ஒட்டிய பிளாஸ்டிக்கூட உரிக்கவில்லை.
"எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டோமே சார்,
அந்த ஊதா புக்கும் இருக்கு பாருங்க."

இருக்கிறது.
ஊதா அட்டை, மஞ்சள் கேள்விக்குறி,
நானூற்றுப் பன்னிரண்டு கேபி,
ஒரு பைட் குறையவில்லை.
திறக்கத்தான் மாட்டேன் என்கிறது.

நோட்பேடில் இழுத்துப் போட்டேன்.
கட்டம், கட்டம், வாய் பிளந்த எழுத்துகள்,
நடுவில் ஓரிடத்தில் மட்டும் தெளிவாக
'ஒருபோதும் செய்யாதீர்கள்'.
எதை என்பது
மறுபடியும் கட்டம்.

ரிச்சி தெரு தாவூத்திடம்
எக்ஸ்பி ஓடும் லேப்டாப் ஒன்று உண்டு.
கீல் போய், ரப்பர் பேண்டில் மூடியிருக்கும்.
"ஆயிரம் அட்வான்ஸ். நெட்ல மட்டும் விட்றாத."
முட்டை ட்ரே போல மடியில் வைத்து
லோக்கல் ரயிலில் பட்டரவாக்கம் வரை.

திறந்தது.
சாம்பல் நிற ஜன்னல், பச்சையில் அடிக்கோடுகள்.
பிழை பன்னிரண்டு: கதவு மூடவில்லை.
பிழை முப்பது: பிரிண்டரில் தாள் இல்லை.
பிழை நாற்பத்தாறு: லோட்செல் ஒயர்.
பிழை நாற்பத்தெட்டு: மேலே நாற்பத்தேழைப் பார்க்கவும்.

மேலே
நாற்பத்தேழு இல்லை.

கடைசிப் பக்கத்தில், தடித்த எழுத்தில்:
எதுவும் சரிவராவிட்டால் குலசேகரைக் கூப்பிடவும்.
இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம்.
பக்கத்தில் ஏழு இலக்கம்.

ஏழு இலக்கத்தை எந்த ஊரில் வைத்துக் கூப்பிடுவது?
மேடம் யோசிக்கவேயில்லை.
"முன்னால ஒரு ரெண்டு போடுங்க சார்.
மெட்ராஸ்ல எல்லா நம்பருக்கும் அப்படித்தானே போட்டாங்க."

மணி எட்டு நாற்பது.
மணி அடிக்கிறது.
ஒரு பெண்குரல், பின்னால் குக்கர் விசில்.
"அவர் குளிக்கிறாரு. என்ன விஷயம்?"
"நாற்பத்தேழு" என்றேன். வேறெப்படிச் சொல்வது.
ஒரு நொடி. பிறகு வீட்டுக்குள் கத்துகிறார்:
"ஏங்க, நாப்பத்தேழாம்!"
தண்ணீர் நின்றது.
"செவப்பு பட்டன வலப்பக்கம் திருகச் சொல்லு!"

திருகினேன்.
காலையில் யாரோ முழங்கையால் அமுக்கியிருக்கிறார்கள்.
இயந்திரம் பெருமூச்சு விட்டுத் தட்டை இறக்கியது.
லைனில் இன்னும் அந்தக் குரல் இருந்தது:
"எழுதணும் எழுதணும்னுதான் இருந்தாராம்."

புதுக் கணினியில் வெறும் டெக்ஸ்ட் கோப்பு ஒன்று:
பிழை நாற்பத்தேழு, சிவப்பு பட்டன், வலப்பக்கம்.
கீழே என் நம்பரைப் போட்டேன்.
அழித்தேன்.
ஊதா புத்தகத்தை அழிக்கவில்லை.

பில்லில் என்னவென்று எழுத?
'உதவி' என்று எழுதி ஆயிரத்து ஐந்நூறு போட்டேன்.
பெர்னதெத் மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இதுக்கு ஜிஎஸ்டி உண்டா என்றார்.